15 வருஷம் ஆன காருக்கு எஃப்சி: வேலூர் பக்கம் எல்லாரும் கேக்குற கேள்விங்க

2010, 2011ல வாங்குன ஆல்டோ, ஐ10, இண்டிகா, ஸ்விஃப்ட்டு எல்லாம் வரிசையா 15 வருஷத்த தாண்டிடுச்சி, அதனால காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம்னு எங்க ரெண்டு பேரு வண்டிய நிறுத்திட்டு டீ குடிச்சாலும் இதே பேச்சு தான். அடிக்கடி கேக்குற கேள்விங்களயும் எனக்கு தெரிஞ்ச பதிலயும் ஒரே எடத்துல போட்டு வெக்கிறேன், யாரு கேட்டாலும் இத அனுப்பிடலாம்.

சொந்த காருக்கும் வருஷா வருஷம் எஃப்சி காட்டணுமாண்ணா?

இல்லபா. எஃப்சின்னா வண்டி ஓட தகுதியா இருக்குன்னு குடுக்கற சர்டிபிகேட்டு, அது மஞ்ச போர்டு கதை. வெள்ள போர்டுக்கு மொத மொத ரெஜிஸ்டர் பண்ண தேதில இருந்து 15 வருஷம் வரைக்கும் யாரும் கூப்புட மாட்டாங்க, அதுக்கப்பால வண்டிய ஓட்டினு போயி ஆர்டிஓ ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் கிட்ட காட்டணும், அவரு சரின்னு சொன்னா ஆர்.சி.ய 5 வருஷத்துக்கு ரினிவல் பண்ணி குடுப்பாங்க, அந்த 5 முடிஞ்சா மறுபடி காட்டி இன்னொரு 5, வண்டி தேறுற வரைக்கும் இப்டியே போய்னு இருக்கலாம். பரிவாஹன்ங்கற கவர்மெண்ட் வெப்சைட்ல "ரெஜிஸ்ட்ரேஷன் ரினிவல்"னு இருக்கறத எடுங்க, எஃப்சின்னு இருக்கறத தொட்டா டாக்சி லாரிக்கான பக்கத்துல போயி மாட்டிப்பீங்க.

தேதிய ஆர்.சி.ய பாத்து எடுங்க. 2010 டிசம்பர்ல தயாரான வண்டி ஷோரூம்ல கெடந்து 2011 மார்ச்ல ரெஜிஸ்டர் ஆயிருக்கும், கணக்கு மார்ச்ல இருந்து தான்.

15 வருஷம் ஆனா கவர்மெண்டே வண்டிய எடுத்து ஒடச்சிடுவாங்களாமே?

இத நம்பி நல்லா ஓடுற வண்டிய அடிமாட்டு விலைக்கு தள்ளுனவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. டீசல் 10 வருஷம், பெட்ரோல் 15 வருஷம்ங்கற தடை டெல்லிக்கும் அத சுத்தி இருக்கிற பகுதிக்கும் தான், 2015ல பசுமை தீர்ப்பாயம் போட்ட உத்தரவு, 2018ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிச்சி. நம்ம ஊருக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது. 2021ல வந்த ஸ்கிராப் பாலிசி விருப்பப்பட்டா குடுக்கறது. 15 வருஷம் ஆனா கண்டிப்பா ஓரங்கட்டணும்னு இருக்கறது கவர்மெண்ட் வண்டிங்களுக்கு ஒண்டி, 2023 ஏப்ரல் 1ல இருந்து. கலெக்டர் ஆபீஸ் ஜீப்ப பாத்துட்டு உங்க ஆல்டோவுக்கு பயப்படாதீங்க.

எப்ப அப்ளை பண்றது? கொஞ்சம் லேட்டானா இன்னா ஆவும்?

முடியற தேதிக்கு 60 நாளுக்கு முன்னாடி இருந்து அப்ளை பண்ணலாம், அதுக்கு முன்னாடி எடுத்துக்க மாட்டாங்க. ஃபார்ம் 25. என் அபிப்ராயம், அந்த 60 நாள் தொறந்த மொத வாரத்துலயே போட்டுடுங்க, ஏன்னா பேப்பர்ல ஏதாவது இடிச்சா அத சரி பண்ணவே ஒரு மாசம் ஓடிடும்.

லேட்டானா காருக்கு மாசம் 500, பைக்குக்கு மாசம் 300 ஃபைன் ஏறினே போவும். அது கூட பரவால்ல, பெரிய தலவலி வேற. தேதி முடிஞ்ச வண்டி சட்டப்படி ரெஜிஸ்ட்ரேஷனே இல்லாத வண்டி, ரோட்ல புடிச்சா மொத தடவைக்கே 2,000ல இருந்து 5,000 வரைக்கும் போடலாம். அதோட இன்சூரன்ஸ். பிரீமியம் கட்டி தான வெச்சிருக்கேன்னு நெனப்பீங்க, ஆனா 2021ல ஒரு கேஸ்ல டெம்பரரி ரெஜிஸ்ட்ரேஷன் முடிஞ்ச கார் திருடு போயிடுச்சி, கம்பெனி கிளைம் தர வேண்டியதில்லன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சி. பைபாஸ்ல ஒரு லாரி ஒரசினு போனா அப்ப இந்த தேதி தான் மொதல்ல கேப்பாங்க.

மொத்தம் எவ்ளோ ஆவும்?

முன்னாடி 600 ரூபா தான் இருந்திச்சி. 2022 ஏப்ரல் 1ல இருந்து காருக்கு 5,000, பைக்குக்கு 1,000, வெளிநாட்ல இருந்து எறக்குன காருக்கு 40,000. அப்புறம் 2025 ஆகஸ்ட்ல இன்னொரு நோட்டிஃபிகேஷன் வந்து 20 வருஷத்துக்கு மேல போன காருக்கு 10,000, பைக்குக்கு 2,000ன்னு ஆக்கிட்டாங்க. அதனால உங்க கிட்ட இருக்கறது 20 வருஷத்த தாண்டுன வண்டியான்னு பாத்துக்குங்க. இதுக்கு மேல பசுமை வரி தனி, அதையும் 5 வருஷத்துக்கு சேத்து கட்டணும். ஸ்மார்ட் கார்டு, தபால் செலவு எல்லாம் சேத்து கடைசியா ஸ்கிரீன்ல என்ன தொகை வருதோ அது தான் கணக்கு.

கட்டறதுக்கு முன்னாடி பழைய இ-செலான் எதுனா நிக்குதான்னு பாருங்க. எங்கயோ சிக்னல்ல ஹெல்மெட் இல்லாம போன பைக்க உங்க நம்பர்ல தப்பா ஏத்தியிருப்பாங்க, அது அங்க வந்து முன்னாடி நிக்கும்.

வண்டி டிஎன் 23, நான் இப்ப ராணிப்பேட்டைல இருக்கேன். எங்க போவணும்?

2019 நவம்பர்ல பழைய வேலூர் மாவட்டத்த மூணா பிரிச்சாங்க இல்ல, அதுல இருந்து இந்த கொழப்பம் ஓயவே இல்ல. நம்பர் மாறாது, டிஎன் 23 அப்டியே தான் இருக்கும். ரினிவல் வண்டி இப்ப எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊர் ஆபீஸ்ல தான், ராணிப்பேட்டைன்னா டிஎன் 73 ஆபீஸ், வாணியம்பாடி பக்கம்னா டிஎன் 83 ஆபீஸ். ஆனா அங்க போவணும்னா ஆர்.சி.ல அட்ரஸ் அந்த ஊரா இருக்கணும், இல்லன்னா மொதல்ல ஃபார்ம் 33 போட்டு அட்ரஸ் மாத்திக்குங்க.

அட்ரஸ்ல சோம்பேறித்தனம் வேணாம், 2024 பிப்ரவரி கடைசில இருந்து ஆர்.சி. கைல குடுக்கறது இல்ல, ஸ்பீடு போஸ்ட்ல தான் வருது. பழைய வாடக வீட்டு அட்ரஸ் இருந்தா கார்டு அங்க போயி கதவ தட்டிட்டு திரும்பிடும். மொபைல் நம்பரும் அப்டி தான், 2010ல டீலர் பையன் அவன் நம்பரயே போட்டு வெச்சிருப்பான், ஓடிபி அவனுக்கு போவும்.

சித்தூர்ல வாங்குன வண்டி, ஏபி நம்பர். இங்க காட்டலாமா?

அப்டியே கொண்டாந்து காட்ட முடியாது. அங்க ஃபார்ம் 28ல என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லன்னு குடுக்கற சர்டிபிகேட்டு வாங்கி, இங்க வரி கட்டி, டிஎன் நம்பர் மாத்தணும். வெளி மாநில வண்டிய இங்க வெச்சி ஓட்டறதுக்கு 12 மாசம் தான் டைம். 15 வருஷத்த நெருங்குன ஆந்திரா வண்டிய கம்மி விலைன்னு வாங்கறதுக்கு முன்னாடி இந்த செலவ எல்லாம் கூட்டி பாருங்க, பாதி பேருக்கு கணக்கு கட்டாது.

ஆர்.சி. எங்க நைனா பேர்ல இருக்கு, அவரு தவறிட்டாரு. இன்னா பண்றது?

பேர் மாத்தணும், ஃபார்ம் 31. இறப்பு சான்றிதழ், தாசில்தார் ஆபீஸ் வாரிசு சான்றிதழ், மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லன்னு எழுதி குடுக்கறது, இவ்ளோ வேணும். சட்டப்படி 30 நாளுக்குள்ள ஆபீசுக்கு தெரியப்படுத்தணும், மூணு மாசத்துக்குள்ள மாத்திக்கணும், நம்ம வீடுங்கள்ல யாரு அந்த துக்கத்துல இத யோசிக்கறாங்க. வாரிசு சான்றிதழ் தான் இழுக்கும், அத இன்னிக்கே ஆரம்பிங்க. அக்கா தங்கச்சிங்க வெளியூர்ல இருந்தா அவங்க அடுத்த தடவ பொங்கலுக்கு வரும்போது கையெழுத்து வாங்கி வெச்சிக்கறது நல்லது.

லோன் எப்பவோ முடிஞ்சிடுச்சே, அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?

பேங்க்ல முடிஞ்சிருக்கும், ஆர்.சி.ல முடிஞ்சிருக்காது. ஹைப்பாத்திகேஷன்னு, அதாவது வண்டி மேல கடன் இருக்குன்னு, பேங்க் பேரு இன்னும் ஒக்காந்துனு இருந்தா ஃபார்ம் 35ல பேங்க் கையெழுத்தும் என்ஓசியும் வாங்கி எடுத்துடுங்க. அந்த பைனான்ஸ் கம்பெனி மூடிட்டு போயிருந்தா அலைச்சல் ஜாஸ்தி, முன்கூட்டியே ஆரம்பிங்க.

இன்ஸ்பெக்டர் இன்னா இன்னா பாப்பாரு?

மொதல்ல இது நம்ம வண்டி தானான்னு பாப்பாரு. சேசிஸ் நம்பரு, இன்ஜின் நம்பரு, கலரு, சீட்டு எண்ணிக்க எல்லாம் ஆர்.சி.யோட ஒத்து போவணும். சேசிஸ் நம்பர் மேல செலோ டேப் ஒட்டி பென்சில்ல தேச்சி எடுத்த அச்ச ஃபார்ம்ல ஒட்டணும், இத ஆபீஸ் வாசல்ல போயி வெயில்ல குனிஞ்சி தேடினு இருக்காதீங்க, முந்தின நாளு வீட்லயே அந்த எடத்த மண்ணெண்ணெய் துணில தொடச்சி சுத்தம் பண்ணி அச்சு எடுத்துனு போங்க. துருவ எடுக்கறேன்னு கிரைண்டர் மட்டும் வெக்காதீங்க, நம்பர் தேஞ்சிடுச்சின்னா அப்புறம் நம்பர அழிச்ச வண்டின்னு சந்தேகம் வந்துடும், அந்த பஞ்சாயத்து லேசுல முடியாது.

அடுத்து லைட்டு. ஹெட்லைட் ஹை, லோ, நாலு இண்டிகேட்டர், பார்க்கிங், பிரேக் லைட்டு, ரிவர்ஸ், நம்பர் பிளேட் லைட்டு. பெரும்பாலும் அங்க போயி நிக்கறப்ப தான் பின்னாடி ஒரு பிரேக் லைட்டு பல்பு போனதே தெரிய வரும், 20 ரூபா பல்புக்கு அரை நாள் போவும். வேலூர் வெயில்ல ஹெட்லைட் பிளாஸ்டிக் மஞ்சளாயி மங்கிடும், பாலிஷ் போட்டா பாதி சரியாயிடும். கண்ண பறிக்கிற எல்இடி, எச்ஐடி மாட்டி வெச்சிருந்தா பழைய ஹாலஜன் பல்பயே திருப்பி போட்டுட்டு போங்க, திரும்பி வந்தும் அதயே விட்டுடுங்க, எதிர்ல வர்றவனும் மனுஷன் தான.

டயர்ல பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்கு கம்மியா இருக்க கூடாது. நம்ம பக்கம் பிரச்சன தேய்மானத்த விட வயசு, வீட்ல நிக்கிற வண்டிக்கு பட்டன் புதுசு மாதிரி இருக்கும், ஆனா கத்திரி வெயில் தின்ன ரப்பர் பக்கவாட்டுல வெடிச்சி இருக்கும். பக்கத்துல நாலு நம்பர் இருக்கும் பாருங்க, 2317ன்னு இருந்தா 2017ல 23வது வாரத்துல தயாரானது. ஸ்டெப்னியயும் பாருங்க, அதுல பாதி வண்டில காத்தே இருக்காது.

சீட் பெல்ட்டு, வைப்பர், வாஷர் தண்ணி, ஹார்ன், கண்ணாடி, கதவு லாக்கு, ஸ்டியரிங் ஆட்டம், இதெல்லாம் பாக்கறதும் உண்டு விடறதும் உண்டு, அவர பொறுத்தது. முதலுதவி பெட்டியும் எச்சரிக்கை முக்கோணமும் டிக்கில இருக்கட்டும்.

பிரேக் எப்டி பாப்பாங்க? நாமளே பாத்துக்க முடியுமா?

ஓட்டி பாத்து அடிச்சி பாப்பாங்க, ஹேண்ட் பிரேக்க போட்டு பாப்பாங்க. இதுல ஒண்ணு சொல்லணும், அங்க பாக்கறது கொஞ்ச நேரம் தான், அது பாஸ் ஆனதால பிரேக் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. ஏலகிரி 14 கொண்டை ஊசி எறங்கி வர்றப்ப தான் நெசமான எஃப்சி. அதனால இதுக்கு செலவு பண்ண யோசிக்காதீங்க, பெயிண்டுக்கு வெச்சிருக்கிற காசுல எடுத்தாவது பண்ணுங்க.

வீட்லயே பாக்கலாம். இன்ஜின் ஆஃப்ல பெடல நாலஞ்சு தடவ அமுக்குனா கல்லு மாதிரி ஆவும், அப்டியே அமுக்கி புடிச்சினு ஸ்டார்ட் பண்ணா பெடல் லேசா கீழ எறங்கணும், எறங்கலன்னா பூஸ்டர்லயோ அதோட வேக்குவம் ஓஸ்லயோ பிரச்சன. ஸ்டார்ட்ல வெச்சி அழுத்தி புடிச்சா பெடல் மெதுவா தரைக்கே போயினு இருந்தா மாஸ்டர் சிலிண்டர் உள்ள விடுது, இல்ல எங்கயோ ஒழுவுது, அன்னிக்கே மெக்கானிக் கிட்ட போங்க. காலி ரோட்ல 30 வேகத்துல அடிச்சா வண்டி ஒரு பக்கம் இழுத்தா அந்த பக்கமோ எதிர் பக்கமோ ஒரு கேலிப்பர், அதான் பிரேக் பேட அழுத்தி புடிக்கிற பாகம், மாட்டினு இருக்கும். பிரேக் ஆயில் கருப்பா இருந்தா மாத்துங்க, அது காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்தறது நல்லது.

ஹேண்ட் பிரேக் தான் நெறைய பேருக்கு மாட்டும், ஏன்னா நாம கியர்ல போட்டு நிறுத்தறோம், ஹேண்ட் பிரேக்க தொடறதே இல்ல, கேபிள் துரு புடிச்சி கெடக்கும். கொஞ்சம் மேட்டுல நிறுத்தி நியூட்ரல்ல ஹேண்ட் பிரேக் மட்டும் போட்டு பாருங்க. உருண்டா பின்னாடி டிரம்ம கழட்டி ஷூவ பாத்து கேபிள டைட் பண்ண சொல்லுங்க, கொணவட்டம் பக்கம் பழைய கைங்க இத ஒரு மணி நேரத்துல முடிச்சிடுவாங்க.

புகை டெஸ்ட்ல ஃபெயில் ஆயிடுச்சி. இன்ஜின் போயிடுச்சா?

அவசரப்படாதீங்க. பிஎஸ்னா புகைக்கு கவர்மெண்ட் வெச்ச தரம், 15 வருஷ வண்டி பெரும்பாலும் பிஎஸ் 3, அதுக்கு பெட்ரோல்ல கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம் வரைக்கும் விடுவாங்க. அதே வருஷத்து சில வண்டி பிஎஸ் 4ஆ இருக்கும், அதுக்கு 0.3ம் 200ம், ரொம்ப கெடுபிடி. ஆர்.சி.ல எதுன்னு போட்டிருக்கும். டீசல்னா ஆக்சிலேட்டர ஒரே அமுக்கா அமுக்கி கருப்பு புகைய அளப்பாங்க, ஹார்ட்ரிட்ஜ்ங்கற புகை அளவுல 65 தாண்ட கூடாது, பிஎஸ் 4க்கு 50.

வீட்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி இருக்கிற சென்டருக்கு காலைல ஜில்லுனு இருக்கிற இன்ஜினோட போனா நல்ல வண்டியே ஃபெயில் ஆவும், ஏன்னா சைலன்சர்ல புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடானா தான் வேலை செய்யும். பைபாஸ்ல பள்ளிகொண்டா வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு நேரா போயி ஊதுங்க. அப்பவும் போச்சின்னா ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், இன்ஜின் ஆயில், அப்புறம் ஆக்சிஜன் சென்சார், இந்த வரிசைல பாருங்க. டீசல்னா ஏர் ஃபில்டரு, அப்புறம் இன்ஜெக்டர்.

வண்டியே கொண்டு போவாம புகை சர்டிபிகேட் வாங்கி தரேன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. சர்டிபிகேட் இல்லாம மாட்டுனா 10,000 வரைக்கும் ஃபைன், போலின்னு தெரிஞ்சா அதுக்கு மேல.

கண்ணாடில ஃபிலிம், முன்னாடி பம்பர் கம்பி, அலறுற ஹார்ன் எல்லாம் இருக்கு. எடுக்கணுமா?

எடுத்துட்டு போங்க. முன் பின் கண்ணாடில 70 சதவீதம் வெளிச்சம் போவணும், சைடுல 50. 2012ல சுப்ரீம் கோர்ட் கருப்பு ஃபிலிம மொத்தமா கிழிக்க சொன்னது நியாபகம் இருக்கும். வெயிலுக்கு தான் ஒட்டுனேன்னு சொல்லுவீங்க, வேலூர்காரனுக்கு அந்த கஷ்டம் புரியுது, ஆனா அது அங்க எடுபடாது. கம்பி பம்பருக்கு 2017 டிசம்பர்லயே தடை, அதோட ஏர் பேக் இருக்கிற வண்டில அது முன்னாடி சென்சாரயே ஏமாத்தும். பல ராகத்துல பாடுற ஹார்னும் கூடாது.

நம்பர் பிளேட்டு வெள்ளைல கருப்பு எழுத்து, ஒவ்வொரு எழுத்தும் 65 மில்லிமீட்டர் உயரம், 10 மில்லிமீட்டர் தடிமன். தலைவர் படம், கட்சி கலரு, சாமி பேரு, 8055 நம்பர பாஸ்னு படிக்கிற மாதிரி வளைச்சி எழுதறது, எதுவும் வேணாம். கலர் மாத்தியிருந்தா அது ஆர்.சி.ல ஏறியிருக்கணும். கேஸ் கிட் மாட்டுனதும் அப்டி தான், சிஎன்ஜி சிலிண்டருக்கு மூணு வருஷத்துக்கு ஒரு டெஸ்ட்டு, அந்த பேப்பரும் வேணும்.

பாடி துரு புடிச்சிருக்கு, முழுசா பெயிண்ட் அடிக்கணுமா?

முழு பெயிண்ட்டு எல்லாம் புரோக்கர் கெளப்பற பீதி. சின்ன கீறல், நசுங்கல் இருந்தா டிங்கரிங் பண்ணி டச்சப் போதும். ஓட்டை விழுந்த துரு, கை வெச்சா கிழிக்கிற தகரம், தொங்குற பம்பர், இது தான் ஆகாது. நம்ம ஊரு கடல் காத்து இல்லாத ஊரு, மேல அவ்ளோ துரு வராது, ஆனா 2021 நவம்பர்ல பாலாறு பொங்கி வந்தப்ப தண்ணில நின்ன வண்டிங்க இருக்கு பாருங்க, அதுங்கள கார்ப்பெட்ட தூக்கி ஃப்ளோர பாக்காம விடாதீங்க. மேல பளபளன்னு இருக்கும், அடில சல்லடை. அங்க பட்டி வெச்சி மூடறது வேலையே இல்ல, தகரம் வெட்டி வெல்டிங் தான்.

புரோக்கர் வெச்சிக்கலாமா?

உங்க இஷ்டம். பேரு, அட்ரஸ், லோன் எதுலயும் சிக்கல் இல்லன்னா பரிவாஹன் வெப்சைட்ல வண்டி நம்பரும் சேசிஸோட கடைசி அஞ்சு நம்பரும் போட்டு, ஓடிபி வாங்கி, காசு கட்டி, ரசீதும் ஃபார்மும் பிரிண்ட் எடுத்துனு நீங்களே போயிடலாம், பெரிய வித்த இல்ல. கம்ப்யூட்டர் வராதுன்னா பக்கத்துல இ-சேவை மாதிரி கடைல அப்ளிகேஷன் மட்டும் போட்டுக்குங்க. புரோக்கர் வெச்சா கவர்மெண்ட் ரசீது எவ்ளோ, உங்க கூலி எவ்ளோன்னு தனித்தனியா கேளுங்க, மொத்தமா 15,000 ஆவும்னு சொல்லிட்டு ரசீத காட்டாதவர் கிட்ட ஒரிஜினல் ஆர்.சி.ய குடுக்காதீங்க.

அன்னிக்கு ஃபெயில் பண்ணிட்டா?

குறை இன்னான்னு கேட்டு எழுதி வாங்கினு சரி பண்ணி திரும்ப காட்டுங்க. அங்கயே நின்னு சண்ட போடறதுல பிரயோஜனம் இல்ல.

என்னுது டாக்சி. எனக்கும் இதே தானா?

இல்ல, உங்களுது ரொம்ப கெடுபிடி. 8 வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு எஃப்சி, அதுக்கு மேல வருஷா வருஷம். பர்மிட், வேகத்த கட்டுப்படுத்தற ஸ்பீடு கவர்னர், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் எல்லாம் கணக்கு. பிரேக்க ரோலர் மேல ஏத்தி மிஷின்லயே அளக்கிற ஆட்டோமேட்டிக் டெஸ்டிங் சென்டருக்கும் கமர்ஷியல் வண்டிங்கள தான் மொதல்ல மாத்தினு வர்றாங்க, அங்க பேச்சுவார்த்தைக்கே எடம் இல்ல.

இவ்ளோ செலவு பண்றதுக்கு வித்துடலாமே?

ஃப்ளோர் துரு, இன்ஜின் ஆயில் குடிக்குது, கியர் பாக்ஸ் சத்தம், இதுல ரெண்டு இருந்தா வித்துடுங்க, இல்ல ரெஜிஸ்டர் ஆன ஸ்கிராப் சென்டர்ல குடுத்து, வண்டிய ஒடைக்க குடுத்ததுக்கு ஆதாரமா டெபாசிட் சர்டிபிகேட் வாங்கிக்குங்க. காயலான் கடைல குடுத்துட்டு ஆர்.சி.ய கேன்சல் பண்ணாம விட்டா அந்த நம்பர் நாளைக்கு எங்கயாவது போலீஸ் கேஸ்ல வந்து நிக்கும். மத்தபடி சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு போயி வர, குடியாத்தம் ஆம்பூர்னு கல்யாணத்துக்கு போயி வர ஒரு வண்டி வேணும்னா, நல்லா ஓடுற பழைய ஆல்டோவுக்கு 5,000 கட்டறது எனக்கு தப்பா தெரியல. விக்கறதா இருந்தாலும் ரினிவல் பண்ணிட்டு வித்தா தான் விலை நிக்கும், தேதி முடியப்போற வண்டின்னு தெரிஞ்சா வாங்க வர்றவன் வாய்க்கு வந்தத கேப்பான்.

கார்டு வர்ற வரைக்கும் ஓட்டலாமா?

இன்ஸ்பெக்டர் ஓகே பண்ணி ஆபீஸ்ல முடிச்ச உடனே எம்பரிவாஹன் ஆப்லயும் டிஜிலாக்கர்லயும் புது தேதி ஏறிடும், அத காட்டுனா செல்லும். ஏறலன்னா ரசீத கைல வெச்சினு ஆபீஸ்ல போயி கேளுங்க. போஸ்ட்ல கார்டு வந்ததும் பேரு, சேசிஸ் நம்பரு, முடியற தேதி மூணையும் பழைய ஆர்.சி.யோட வெச்சி ஒரு தடவ படிச்சி பாருங்க, எழுத்து ஒண்ணு மாறியிருந்தா கூட அந்த வாரமே போயி சொல்லிடுங்க.